சின்னத் திரைக்கு முதலிடம்: மலையக வாசகருக்காக இணையத்தளம் அமைப்பது எப்படி

கல்வி நிலையம் ஒன்றின் இணையத்தளத்துக்கு ஒப்புதல் கொடுப்பவர் அதை மேசைமீதுள்ள மடிக்கணினியில் பார்க்கிறார். அதைத் திறந்து படிக்கப்போகிறவரோ பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மாணவி. அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வீடு திரும்பிய பிறகுதான் கைபேசி அவள் கைக்கு வரும். திரையில் கீறல், டேட்டா கார்டில் மிச்சம் கொஞ்சம், சிக்னல் வேண்டுமென்றால் வாசலுக்கு வர வேண்டும். நாம் பெரும்பாலும் முதலாமவருக்காகத்தான் தளம் செய்கிறோம். பணம் கொடுப்பவர் அவர்தானே.

இந்த வழிகாட்டி இரண்டாமவருக்காகத் தளம் செய்வதைப் பற்றியது. ஹட்டனில் சாதாரண தர, உயர்தர வகுப்புகள் நடத்தும் ஒரு தனியார் கல்வி நிலையம் இருப்பதாக வைத்துக்கொண்டு, அதற்கான தளத்தை ஆரம்பத்திலிருந்து கட்டிப் பார்ப்போம். விடுதி, மரக்கறிக் கடை, கோயில் என்று எதற்கு நீங்கள் தளம் செய்தாலும் முறை இதுவே. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் இரண்டிலும் அடிப்படைப் பழக்கம் உங்களுக்கு இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். கட்டளைகளைப் பெயர் சொல்லி விளக்குகிறேன். அவற்றின் எழுத்துக்கூட்டலை எந்தக் கையேட்டிலும் பார்த்துக்கொள்ளலாம்.

முன்பெல்லாம் கைபேசிக்கு ஒரு தளம், கணினிக்கு ஒரு தளம் என்று இரண்டாகச் செய்தார்கள். ஒன்றில் திருத்தியது மற்றதில் திருந்தாமல் கிடக்கும். 2010 மே மாதம் ஈதன் மார்கொட் என்ற வடிவமைப்பாளர் எழுதிய கட்டுரை வேறு வழியைக் காட்டியது: விகிதத்தில் விரியும் கட்டங்கள், இடத்துக்கேற்பச் சுருங்கும் படங்கள், திரையின் அகலத்தைக் கேட்டறிந்து மாறும் ‘மீடியா குவரி’ விதிகள். இந்த மூன்றையும் சேர்த்தால் ஒரே பக்கம் எல்லாத் திரைக்கும் பொருந்தும். இன்றைக்கும் அடித்தளம் அதுதான். கூகுள் தேடலும் இப்போது தளங்களின் கைபேசி வடிவத்தைத்தான் முதன்மையாகப் படித்து அட்டவணைப்படுத்துகிறது. 2016இல் அறிவித்த அந்த மாற்றம் 2023 ஒக்டோபரில் நிறைவடைந்ததாக அந்நிறுவனமே சொன்னது. ஆகவே பணிப்பாளரிடம் வாதாட வேண்டி வந்தால் இதைச் சொல்லிப் பாருங்கள்.

முதல் படி: எதற்காக வருகிறார்கள்?

கணினியைத் திறக்காதீர்கள். ஒரு தாளை எடுத்து, தளத்துக்கு வருகிறவர் என்னென்ன கேட்பார் என்று எழுதுங்கள். இன்று வகுப்பு உண்டா? எத்தனை மணிக்கு? கட்டணம் எவ்வளவு? யாரை அழைப்பது? ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து எப்படி வருவது? இந்த வரிசையில்தான் பக்கம் அமைய வேண்டும். பணிப்பாளரின் வாழ்த்துச் செய்தியும் பொன்னாடை போர்த்திய புகைப்படமும் கடைசிக்குப் போகட்டும். அகன்ற திரையில் நான்கு விடயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரையும் வருத்தப்படுத்தாமல் தப்பித்துவிடலாம். கைபேசியில் ஒன்றன்கீழ் ஒன்றுதான் வரும். எது முக்கியம் என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். வடிவமைப்பு வேலையில் கடினமான பகுதி இதுவே. மீதி எல்லாம் கட்டளைகள்தான்.

இரண்டாம் படி: உலாவிக்கு உண்மையான அகலத்தைச் சொல்வது

2007இல் ஐபோன் வந்தபோது இணையத்தில் இருந்தவை எல்லாம் கணினிக்கான பக்கங்கள். அதனால் அதன் உலாவி தன்னை 980 பிக்சல் அகலமுள்ள திரையாகப் பாவித்துக்கொண்டு, பக்கத்தை வரைந்து, பிறகு அதைச் சுருக்கிக் காட்டியது. பின்னால் வந்தவையும் அதே வழியில் போயின. இன்றும் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் கைபேசி அப்படியேதான் செய்யும். எழுத்து எறும்பளவில் தெரியும். ‘வியூபோர்ட்’ என்ற மெட்டா டேக்கில், அகலம் சாதனத்தின் அகலத்துக்குச் சமம், ஆரம்பப் பெருக்கம் 1 என்று எழுதிவிட்டால் இந்தப் பாவனை நிற்கும். ஒரே வரிதான். இது இல்லையென்றால் கீழே சொல்லும் எதுவும் வேலை செய்யாது.

அந்த வரியிலேயே விரல்களால் பெரிதாக்குவதைத் தடுக்கும் கட்டளையையும் சிலர் சேர்த்துவிடுகிறார்கள். பக்கம் ‘ஆடாமல்’ இருக்கும் என்பது அவர்கள் வாதம். பிள்ளையின் கட்டணப் பற்றுச்சீட்டைக் கண்ணாடி இல்லாமல் படிக்கப் பார்க்கும் தகப்பனாருக்குப் பக்கம் ஆடினால்தான் என்ன? அதைத் தடுக்காதீர்கள்.

அகலம் என்று இங்கே சொல்வது திரையின் உண்மையான புள்ளிகளை அல்ல. 1080 புள்ளி அகலமுள்ள ஒரு கைபேசி, மூன்று புள்ளிகளை ஒரு சிஎஸ்எஸ் பிக்சலாகக் கணக்கிட்டு, தன் அகலம் 360 என்று உலாவியிடம் சொல்லும். அன்ட்ரொய்ட் கைபேசிகளில் மிகச் சாதாரணமான அகலம் இந்த 360தான். பழைய சிறிய கருவிகளில் 320. நமது வேலை 320இல் தொடங்கும்.

மூன்றாம் படி: உண்மையான தமிழை ஊற்றிப் பார்ப்பது

வார்ப்புருக்களில் வரும் இலத்தீன் மாதிரி வாசகத்தை வைத்து வடிவமைத்துவிட்டு, முடிவில் தமிழை ஒட்டுகிறவர்கள் அநேகம். அங்கேதான் பக்கம் உடைகிறது. தமிழில் சொற்கள் ஒட்டி நீளும். ‘பாடசாலைகளுக்கிடையிலான’ என்ற ஒரே சொல் 32 பிக்சல் தலைப்பெழுத்தில் 320 அகலத் திரையைத் தாண்டி வெளியே போய்விடும். முழுப் பக்கமும் இடம் வலமாக ஆடத் தொடங்கும். ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துக்கு அளந்து செய்த பொத்தானில் ‘விண்ணப்பிக்கவும்’ அடங்காது. ஆகவே முதல் நாளிலிருந்தே உண்மையான தலைப்புகளையும் உண்மையான அறிவித்தல்களையும் வைத்து வேலை செய்யுங்கள். தமிழுக்குப் பொருந்திய பக்கத்தில் ஆங்கிலம் தானாகவே பொருந்திவிடும். இதை மறுபுறமாகச் செய்ய முடியாது.

அதற்கும் முன்னால் பாமினிப் பிரச்சினை இருக்கிறது. நம் அச்சகங்களிலும் பாடசாலை அலுவலகங்களிலும் இன்னும் பாமினியில் தட்டச்சு செய்பவர்கள் உண்டு. அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களைப் பொருத்திய பழைய எழுத்துரு. அந்தக் கோப்பிலிருந்து எடுத்து அப்படியே தளத்தில் ஒட்டினால், கைபேசியில் தெரிவது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். இதற்குப் பயந்துதான் பலர் அறிவித்தலைப் படமாக்கிப் போடுகிறார்கள். படத்தில் இருக்கும் எழுத்து திரைக்கேற்ப மடியாது, தேடலில் சிக்காது, பார்வையற்றவரின் திரைவாசிப்பானுக்குக் கேட்காது, டேட்டாவையும் தின்னும். பாமினியை யூனிகோடாக மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை வாசித்துத் திருத்துங்கள். கொம்பும் காலும் சில இடங்களில் இடம்மாறி நிற்கும்.

இனி எழுத்தின் அளவு. உடற்பகுதிக்கு 16 பிக்சலுக்குக் கீழே போகவே வேண்டாம்; தமிழுக்கு 17 அல்லது 18 இன்னும் நல்லது. ‘ஞ’, ‘ண’, ‘ணூ’ போன்றவற்றின் உட்கோடுகள் நெருக்கமானவை. வரி இடைவெளி, எழுத்தளவைப்போல் 1.6 முதல் 1.7 மடங்கு இருக்கட்டும். ஆங்கிலப் பக்கத்துக்கு வைக்கும் 1.4ஐ அப்படியே விட்டால், மேல்வரியின் ‘ழு’, ‘கூ’ ஆகியவற்றின் கீழ்க்கோடு அடுத்த வரியின் ‘கீ’, ‘டி’ ஆகியவற்றின் சுழியோடு உரசும். அளவுகளைப் பிக்சலில் அல்லாமல் ‘ரெம்’ அலகில் எழுதினால், தன் உலாவியில் எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பவரின் விருப்பத்தைப் பக்கம் மதிக்கும். தலைப்புகளுக்கு ‘கிளாம்ப்’ என்ற செயற்கூறு உதவும்: மிகக் குறைந்தது இவ்வளவு, மிக அதிகம் இவ்வளவு, நடுவில் திரையின் அகலத்தோடு வளரலாம் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

நீண்ட சொல் வெளியே பிதுங்காமலிருக்க ‘ஓவர்ஃப்ளோ-ராப்’ என்ற பண்பைப் போடுங்கள்; இடம் போதாதபோது மட்டும் சொல்லை உடைத்து அடுத்த வரிக்கு அனுப்பும். ஆனால் தலைப்பில் அப்படி உடைவது பார்க்கச் சகிக்காது. அங்கே வாக்கியத்தையே மாற்றுவதுதான் தீர்வு. ‘பாடசாலைகளுக்கிடையிலான வினாவிடைப் போட்டி’ என்பதை ‘பாடசாலைகளின் வினாவிடைப் போட்டி’ என்று எழுதினால் யாருக்கும் நட்டமில்லை. சாய்வெழுத்தையும் விட்டுவிடுங்கள், பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் தனியான சாய்வு வடிவம் கிடையாது, உலாவி நேரெழுத்தைத் தள்ளிச் சாய்த்துக் காட்டும்.

எழுத்துருவைத் தனியாக இறக்க வேண்டுமா என்று கேட்டால், உடற்பகுதிக்கு வேண்டாம் என்பேன். அன்ட்ரொய்டிலும் ஐபோனிலும் விண்டோஸிலும் நல்ல தமிழ் எழுத்துரு கூடவே வருகிறது. தலைப்புக்கு மட்டும் ஒன்று ஆசையாக இருந்தால், ஒரே தடிப்பில், தமிழ் எழுத்துகளை மட்டும் வெட்டியெடுத்த சிறிய கோப்பாக வையுங்கள். அது வந்துசேரும்வரை கருவியின் சொந்த எழுத்துருவில் காட்டும்படி ‘ஃபொன்ட்-டிஸ்பிளே’ பண்பில் ‘ஸ்வாப்’ என்று குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் எழுத்துருவுக்காகக் காத்து, தலைப்பு இருக்கும் இடம் சில விநாடிகள் வெறுமையாகக் கிடக்கும். பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்டிஎம்எல்லின் முதல் டேக்கிலேயே சொல்லவும் மறக்காதீர்கள். திரைவாசிப்பான் எந்தக் குரலில் படிப்பது என்பதை அதைப் பார்த்தே தீர்மானிக்கிறது.

நான்காம் படி: ஒற்றை நிரலில் தொடங்கி அகலத்துக்கு வளர்வது

சிஎஸ்எஸ்ஸை இரண்டு விதமாக எழுதலாம். கணினிக்கு எழுதி, கைபேசிக்கு வந்து ஒவ்வொன்றாக ரத்துச் செய்வது ஒன்று. கைபேசிக்கு எழுதி, இடம் கிடைக்கக் கிடைக்கச் சேர்ப்பது மற்றொன்று. இரண்டாவதே சரி. அடிப்படை விதிகளில் மீடியா குவரியே வேண்டாம். எல்லாம் ஒரு நிரலில் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கட்டும். பிறகு ‘குறைந்தது இத்தனை அகலம் இருந்தால்’ என்ற நிபந்தனையோடு இரண்டாம் நிரலைச் சேருங்கள். மலிவான கைபேசிக்கு வேலை குறையும். உங்கள் கோப்பும் சிறுக்கும்.

பெட்டிகளுக்கு நிலையான அகலம் கொடுக்காதீர்கள். விகிதத்தில் கொடுத்து, மேல் எல்லையை மட்டும் ‘மேக்ஸ்-வித்’ பண்பால் கட்டுங்கள். ‘பொக்ஸ்-சைசிங்’ பண்பை எல்லாவற்றுக்கும் ‘போர்டர்-பொக்ஸ்’ ஆக்கிவிட்டால் உள்விளிம்பு சேர்ந்து பெட்டி பெருக்காது. ஆசிரியர்களின் அட்டைகளுக்கு ‘கிரிட்’ முறையில், ஒவ்வொன்றும் குறைந்தது இத்தனை அகலம், இடமிருக்கும் அளவுக்கு அடுக்கிக்கொள் என்று சொல்லலாம். அப்போது மீடியா குவரிகூடத் தேவைப்படாது. இதில் ஒரு பொறி உண்டு. குறைந்த அகலத்தை 300 பிக்சல் என்று வைத்து, பக்கத்துக்கு இருபுறமும் 16 பிக்சல் விளிம்பும் விட்டால், 320 திரையில் மிஞ்சுவது 288தான். அட்டை வெளியே நீட்டும். 300 அல்லது கிடைக்கும் முழு அகலம், எது சிறிதோ அது என்று ‘மின்’ செயற்கூறில் எழுதினால் பிரச்சினை தீர்ந்தது.

பெரிய திரையில் நேரெதிரான தொல்லை: வரி நீண்டுகொண்டே போகும். வரியின் அகலத்தை ‘சிஎச்’ அலகில் 65 என்று கட்டச் சொல்வார்கள். அந்த அலகு பூச்சியம் என்ற எண்ணின் அகலத்தை வைத்து அளக்கப்படுவது. தமிழெழுத்து அதைவிட அகலமானது. அதனால் அந்தக் கணக்கு தமிழுக்குப் பொருந்தாது. தமிழ்ப் பந்திக்கு 36 ‘ரெம்’ அளவில் எல்லை கட்டி, கண்ணால் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள்.

எந்த அகலத்தில் அமைப்பு மாற வேண்டும்? கைபேசி மாதிரிகளின் பட்டியலைத் தேடாதீர்கள். அடுத்த வருடம் அந்தப் பட்டியல் மாறிவிடும். கணினியில் உலாவிச் சாளரத்தை 320 வரை சுருக்கி, மெதுவாக அகட்டிக்கொண்டே வாருங்கள். எங்கே வரி அசிங்கமாக நீள்கிறதோ, எங்கே வெற்றிடம் உறுத்துகிறதோ, அங்கே ஒரு மாற்றம் வையுங்கள். இந்தக் கல்வி நிலையத்துக்கு இரண்டு இடங்களில் மாறினால் போதும். ஒரு பெட்டி, தான் அமர்ந்திருக்கும் இடத்தின் அகலத்தைப் பார்த்து மாறும் ‘கண்டெய்னர் குவரி’ 2023 பெப்ரவரியிலிருந்து முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆனால் பழைய கைபேசிகளில் ஓடுவது அதற்கு முந்திய உலாவியாக இருக்கலாம். அது வேலை செய்யாவிட்டாலும் ஒற்றை நிரலில் ஒழுங்காகத் தெரியுமாறு எழுதிவிட்டு, மேலதிக அழகுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

ஐந்தாம் படி: நேரசூசி

மாணவர்கள் இந்தத் தளத்துக்கு வருவதே இதற்காகத்தான். ஏழு நாள், ஆறு நேரம், ஒவ்வொரு கட்டத்திலும் பாடம், தரம், ஆசிரியர் பெயர். காகிதத்தில் இதைவிடத் தெளிவான வடிவம் இல்லை. 360 அகலத்தில் இது நரகம்.

மிகச் சுலபமான வழி, அட்டவணையை ஒரு பெட்டிக்குள் போட்டு அந்தப் பெட்டி மட்டும் பக்கவாட்டில் நகரும்படி விடுவது. அப்போது நாளைக் காட்டும் முதல் நிரலை ‘ஸ்டிக்கி’ ஆக ஒட்டி வையுங்கள். இல்லையேல் வலப்பக்கம் நகர்ந்ததும் இது எந்த நாள் என்று தெரியாமல் போகும். வலது ஓரத்தில் ஒரு கட்டம் பாதி தெரியும்படி அகலத்தை அமைத்தால், இன்னும் இருக்கிறது என்று விரலுக்குப் புரியும். கட்டண விபரம் போன்ற, எண்களை ஒப்பிட வேண்டிய அட்டவணைகளுக்கு இதுவே போதும்.

நேரசூசிக்கு நான் இதைச் செய்யமாட்டேன். மாணவி ஏழு நாளையும் ஒப்பிட வரவில்லை. சனிக்கிழமை தரம் 11 கணிதம் எத்தனை மணிக்கு என்று பார்க்க வருகிறாள். எனவே கைபேசியில் நாள்வாரியாக அடுக்குங்கள்: நாளின் பெயர் தலைப்பாக, அதன்கீழ் நேரம் இடப்பக்கம், பாடமும் தரமும் வலப்பக்கம். இன்றைய நாள் மேலே வரட்டும். மேலேயே தரத்தைத் தெரிவுசெய்யும் வசதி ஒன்று இருந்தால் பட்டியல் இன்னும் குறுகும். அகன்ற திரையில் அதே தரவு ஏழு நிரல் அட்டவணையாக விரியட்டும், பணிப்பாளரும் மகிழ்வார். ஒன்றைக் கவனியுங்கள்: அட்டவணை டேக்கை வைத்துக்கொண்டு சிஎஸ்எஸ்ஸில் மட்டும் அதன் தோற்றத்தைப் பட்டியலாக்கினால், சில உலாவிகளில் அது அட்டவணை என்ற தகவலே திரைவாசிப்பானுக்குப் போகாது. தரவு ஓர் இடத்தில் இருந்து, இரண்டு வடிவங்களும் அதிலிருந்து பிறப்பதே சுத்தமான வழி.

நேரசூசியை பீடிஎஃப் கோப்பாகப் போட்டுவிட்டு ‘தரவிறக்கவும்’ என்று எழுதுவதை வேலை முடிந்ததாக நினைக்கக்கூடாது. ஏ4 தாளுக்குச் செய்ததை விரலால் பெரிதாக்கி, இழுத்து, தொலைத்து, மறுபடி பெரிதாக்கிப் படிப்பவரின் பொறுமையை நாம் சோதிக்கிறோம். கடந்தகால வினாத்தாள்கள் பீடிஎஃப் ஆக இருக்கலாம், அச்சிடத்தானே. இணைப்பின் பக்கத்தில் கோப்பு எத்தனை மெகாபைட் என்று எழுதிவிடுங்கள். டேட்டாவைச் செலவழிப்பதா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

ஆறாம் படி: படங்களும் பக்கத்தின் எடையும்

கைபேசியில் எடுத்த புகைப்படம் 4000 பிக்சல் அகலம், 4 மெகாபைட் இருக்கும். அதை 360 அகல இடத்தில் காட்டுவதற்கு அப்படியே அனுப்பினால் என்ன ஆகும்? விநாடிக்கு ஒரு மெகாபிட் வேகம் என்றால் விநாடிக்கு 125 கிலோபைட். படம் ஒன்றுக்கே 32 விநாடி. பள்ளத்தாக்குக்குள் இருக்கும் தோட்டத்தில் அந்த வேகமும் நிலைக்காது. பார்ப்பவர் அதற்குள் போய்விடுவார், அவருடைய டேட்டாவும் போயிருக்கும்.

ஒவ்வொரு படத்தையும் 400, 800, 1200 அகலங்களில் தயாரித்து வையுங்கள். ‘சோர்ஸ்செட்’ பண்பில் மூன்றையும் பட்டியலிட்டு, எந்தத் திரையில் படம் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதை ‘சைசஸ்’ பண்பில் சொன்னால், பொருத்தமானதை உலாவியே தெரிவுசெய்யும். ஜேபெக்குக்குப் பதில் வெப்பி வடிவத்தில் சேமித்தால் அளவு இன்னும் குறையும். அகலத்தையும் உயரத்தையும் டேக்கிலேயே எழுதுங்கள். அப்போது படம் வருவதற்கு முன்பே உலாவி இடம் ஒதுக்கும். அது இல்லாவிட்டால் படித்துக்கொண்டிருக்கும் வரி திடீரென்று கீழே குதிக்கும். கீழே இருக்கும் படங்களைத் தேவைப்படும்போது இறக்க ‘லேசி’ என்று குறியுங்கள். முதல் திரையில் தெரியும் படத்துக்கு மட்டும் அதைப் போடக்கூடாது, வீணாகத் தாமதமாகும்.

தானாக நகரும் படவரிசை வேண்டாம். தானாக ஓடும் காணொளி வேண்டவே வேண்டாம். வரைபடத்தைப் பக்கத்துக்குள் பதிப்பதும் கனமான வேலை. பஸ் நிலையத்திலிருந்து எந்தப் பக்கம் திரும்புவது, எந்தக் கடைக்கு மேல்மாடி என்று இரண்டு வரி எழுதி, வரைபடத்துக்கு ஓர் இணைப்புக் கொடுத்தால் போதும். வழி கேட்பவர்களுக்கு நாம் வாயால் சொல்வதும் அதைத்தான். முதல் பக்கம் மொத்தமாக 500 கிலோபைட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது என் வழக்கம். கடினமான இலக்கு அல்ல அது.

ஏழாம் படி: விரலும் மழையும்

இணையத்தின் அணுகல் தரமான டபிள்யூகேக் 2.2, தொடுமிடம் குறைந்தது 24 பிக்சல் சதுரம் இருக்க வேண்டும் என்கிறது. உயர்நிலைத் தேவையாக 44ஐக் கேட்கிறது. அன்ட்ரொய்ட் வழிகாட்டல் 48 என்கிறது. நமக்கு 48ஐயே வைத்துக்கொள்ளலாம். காரணம் மழை. திரையில் ஈரம் பட்டால் தொடுதல் தடுமாறும். குளிரில் விரைத்த விரலும் குறி தவறும். பொத்தான்களுக்கு நடுவே இடைவெளி விடுங்கள். ‘அழைக்க’, ‘ரத்துச் செய்ய’ இரண்டையும் ஒட்டி வைக்காதீர்கள். சுட்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் மட்டும் விரியும் பட்டிகள் தொடுதிரையில் பயனற்றவை.

ஐந்து இணைப்புகள்தான் உண்டென்றால் மூன்று கோட்டுப் பட்டிக்குள் அவற்றை ஒளிக்க என்ன அவசியம்? இரண்டு வரியாக மடித்து வெளியிலேயே வைத்துவிடலாம். தொலைபேசி எண்ணை, தொட்டவுடன் அழைப்புப் போகும் இணைப்பாக்குங்கள். வெளிர்சாம்பல் எழுத்து மடிக்கணினியில் நாகரிகமாகத் தெரியும். பிரகாசம் குறைத்து வைத்த பழைய திரையில் வெளியே நின்று பார்த்தால் எழுத்தே தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 வேறுபாடு வேண்டும்.

எட்டாம் படி: பதிவுப் படிவம்

படிவத்தில் உள்ளீட்டுப் பெட்டியின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால், ஐபோன் அந்தப் பெட்டியைத் தொட்டதும் பக்கத்தைப் பெரிதாக்கிவிடும். இது சின்ன விடயம். பெரிய தவறுகள் வேறிடத்தில் நடக்கின்றன: படிவத்தை வெளிநாட்டு வார்ப்புருவிலிருந்து அப்படியே எடுப்பதில்.

முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டாயப் பெட்டிகள். நம் பிள்ளைகளுக்குத் தகப்பன் பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும்தான், குடும்பப்பெயர் கிடையாது. ‘முழுப்பெயர்’ என்று ஒரே பெட்டி போதும். முகவரியில் வீதி இலக்கம், வீதியின் பெயர், தபால் குறியீடு எல்லாவற்றுக்கும் கட்டாயக் குறி. தோட்டத்துக்கு வீதி எது? தோட்டத்தின் பெயர், பிரிவு, இருந்தால் லயன் எண், தபாலகம் என்று கேளுங்கள். அல்லது நான்கு வரி எழுதக்கூடிய ஒரே பெட்டியைக் கொடுங்கள். பெற்றோரின் தேசிய அடையாள அட்டை எண்ணைக் கேட்பதாக இருந்தால், பெட்டியை எண் வகையாக்காதீர்கள். புதிய அட்டையில் 12 இலக்கம். பழையதில் 9 இலக்கமும் முடிவில் ஓர் ஆங்கில எழுத்தும். எண் விசைப்பலகை மட்டும் திறந்தால் பழைய அட்டைக்காரர் அங்கேயே மாட்டிக்கொள்வார். உண்மையில் அந்த எண் தேவையா என்றும் யோசியுங்கள்.

தொலைபேசி எண்ணுக்கு மட்டும் ‘டெல்’ வகையைக் கொடுத்தால் எண் பலகை வரும். இடைவெளி விட்டு எழுதினாலும், முன்னால் 94 சேர்த்து எழுதினாலும் ஏற்றுக்கொண்டு நீங்கள் ஒழுங்குபடுத்துங்கள். பெட்டியின் பெயரை அதன் உள்ளே மங்கலாக எழுதாமல் மேலே எழுதுங்கள். தட்டத் தொடங்கியதும் மறைந்துபோனால் எதைக் கேட்டார்கள் என்பது மறந்துவிடும். சிக்னல் அறுந்து படிவம் போகாவிட்டால், எழுதியது அழியாமல் கைபேசியிலேயே சேமித்து வைத்து மறுபடி அனுப்ப வழி செய்யுங்கள். அம்மாவின் கைபேசியில் கிடைத்த அரைமணி நேரத்தில் இரண்டாம் முறை நிரப்பச் சொல்வது அநியாயம்.

ஒன்பதாம் படி: அறிவித்தல்கள்

வகுப்பு இல்லை, பாதை மூடப்பட்டுள்ளது, பரீட்சை ஒத்திவைப்பு. மழைக்காலத்தில் இவைதான் தளத்தின் உயிர். பக்கத்தின் உச்சியில், எழுத்தாக, திகதியும் நேரமும் போட்டு வையுங்கள். மண்சரிவு அபாயத்துக்கு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுக்கிறது. அதை எடுத்துச் சொல்லும்போது நிறத்தை மட்டும் பூசாதீர்கள். பிரகாசம் குறைந்த திரையில் மஞ்சளும் செம்மஞ்சளும் ஒன்றுபோலத் தெரியும். ‘விழிப்புடன் இருங்கள்’, ‘வெளியேறத் தயாராகுங்கள்’, ‘வெளியேறுங்கள்’ என்று சொல்லாலும் எழுதுங்கள்.

பத்தாம் படி: சோதனை

குரோமின் உருவாக்குநர் கருவியில் சாதனப் பாவனையைத் திறந்து, 320 அகலத்தில் பக்கம் இடம் வலமாக ஆடுகிறதா என்று பாருங்கள். இணைய வேகத்தை மெதுவாக்கும் வசதியும் அங்கேயே உண்டு. எழுத்தை இருமடங்காக்கிப் பாருங்கள். கைபேசியைக் கிடையாகத் திருப்புங்கள். கூகுளின் பேஜ்ஸ்பீட் சோதனையில் மூன்று எண்கள் முக்கியம்: பெரிய உள்ளடக்கம் தெரிய 2.5 விநாடிக்குள், தொட்டதற்குப் பதில் 200 மில்லி விநாடிக்குள், பக்கம் குதிக்கும் அளவு 0.1க்குள்.

இவை எல்லாம் மேசையில் செய்வது. பிறகு கடையில் கிடைப்பதிலேயே மலிவான அன்ட்ரொய்ட் ஒன்றை இரவல் வாங்கி, வைஃபையை அணைத்துவிட்டு, பஸ்ஸில் ஏறுங்கள். மஸ்கெலியா பாதையில் போகும்போது திறந்து பாருங்கள். தளத்தின் இணைப்பை வட்ஸ்அப் குழுவில் போட்டும் முகநூலில் போட்டும் அங்கிருந்து தொடுங்கள். முகநூல், வெளி உலாவிக்குப் போகாமல் தனக்குள்ளேயே பக்கத்தைத் திறக்கும். மேலும் கீழும் அதன் பட்டைகள் இடம் பிடித்துக்கொள்ளும். திரையின் முழு உயரத்தை நம்பி வரைந்த பகுதிகள் அங்கே வெட்டுப்படும். உயரத்துக்கு ‘விஎச்’ அலகை மட்டும் நம்பாமல், பட்டைகள் மறைந்து தோன்றுவதைக் கணக்கில் எடுக்கும் ‘டிவிஎச்’ அலகையும் சேர்த்து எழுதுங்கள். கடைசியாக, கணினிப் பழக்கமில்லாத ஒருவரிடம் கைபேசியைக் கொடுத்து, ஞாயிறு விஞ்ஞான வகுப்பு எத்தனை மணிக்கு என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வாய் திறக்காமல் பாருங்கள். எங்கே அவருடைய விரல் தயங்குகிறதோ அங்கே வேலை மிச்சமிருக்கிறது.

தளம் வெளியான பிறகு அதைப் பராமரிக்கப்போவது நிலையத்தின் எழுதுவினைஞர், அதுவும் தன் கைபேசியிலிருந்து. பரிசளிப்பு விழா முடிந்த இரவே முப்பது படங்களை அப்படியே ஏற்றிவிடுவார். அவரைக் குறைசொல்ல முடியாது. ஏற்றும்போதே படத்தைச் சுருக்கி மூன்று அளவுகளில் சேமித்துக்கொள்ளும் வசதியைப் பின்புறத்தில் முன்கூட்டியே பொருத்திவிடுங்கள். அறிவித்தல் எழுதும் பெட்டியையும் அவருடைய 360 அகலத் திரையில் திறந்து ஒருமுறை சோதியுங்கள்.